மெழுகில் இருக்கும்போதே

அந்த டென்டல் லேபில் எல்லாருக்கும் அவள் அக்கா. முதலாளிக்கு அவளைவிடப் பத்து வயது கூட, அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். நாமும் அப்படியே கூப்பிட்டுவிட்டுப் போவோம். ஒரு தம்பியைத் தொலைத்தவளுக்கு வேறு பேர் எதற்கு?

தொலைத்தவள் என்றால் ஏதோ கூட்டத்தில் கைநழுவ விட்டுவிட்டாள் என்று எண்ண வேண்டாம். தம்பி வளர்ந்த ஆள், வேலைக்குப் போனவன், மீசையை ஒழுங்காகக் கத்தரித்துக்கொள்ளத் தெரிந்தவன். ஒருநாள் சாயங்காலம் "கடைக்குப் போயிட்டு வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான். வரவில்லை. வீட்டில் சண்டை கிடையாது, அவனுக்குக் குடி கிடையாது, காதல் கீதல் இருந்ததாகவும் தெரியவில்லை. காரணமே இல்லாமல் ஒருவன் போனால் ஊர் சும்மா இருக்குமா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. ஆளுக்கொரு காரணத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். போலீஸ் ஒரு போட்டோவை வாங்கி வைத்துக்கொண்டது. அம்மா தன் கட்டிலை வாசலுக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டாள், பகலில் கதவைத் தாழ் போட விடமாட்டாள். வருஷங்கள் அப்படியே ஓடின. அக்காவின் கல்யாணப் பேச்சும் அந்தச் செருப்புக்குப் பின்னாலேயே படியிறங்கிப் போனதுதான், அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

அவன் செத்துப்போயிருப்பான் என்று அக்காவுக்கு எப்போது தோன்றியது என்று அவளுக்கே தெரியாது. ஒருநாள் பார்த்தால் அந்த எண்ணம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தது. ஆனால் வாய்விட்டு அழ முடியவில்லை. செத்ததைப் பார்த்தவர் இல்லை, எடுத்துப் போட்டவர் இல்லை, எதை வைத்து அழுவது? வீட்டில் கண்ணைக் கசக்கினாலே அம்மா, "யாருக்கு என்ன ஆச்சுன்னு இப்ப மூக்கைச் சிந்தற?" என்று எரிந்து விழுவாள். அதனால்தான் அவள் நாவல் எழுத உட்கார்ந்தாள். எழுத்தாளராகும் ஆசை அவளுக்கு எள்ளளவும் இல்லை.

முடிவு முதல் நாளே தெரியும். வீட்டைவிட்டுப் போன ஒருவன் ஊர் ஊராக வேலை பார்த்து, கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பொது வார்டில், தன் பேரைச் சொல்லக்கூடத் திராணியில்லாமல் கிடந்து சாகிறான். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து வந்து அவன் கண்ணை மூடிவிடுகிறார். அந்த இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும், எழுத வேண்டும், எழுதி முடித்து ஒரு பாட்டம் அழுதுவிட வேண்டும். இதுதான் அவள் திட்டம். மதியம் மற்றவர்கள் சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போன பிறகு, வேலை மேசையிலேயே, பக்கத்தில் யார் யாருடைய பல்வரிசைகளோ இளித்துக்கொண்டிருக்க, போனில் எழுதுவாள்.

பாதிக் கதையில் அவன் நின்றுவிட்டான். ஒரு மரக்கடையில் வேலைக்குச் சேர்த்திருந்தாள், அங்கேயிருந்து நகரமாட்டேன் என்றான். தள்ளிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். அரைக்கிணறு தாண்டியவள் கதியாக மாதங்கள் போயின.

அப்போதுதான் மாவண்ணன் மூக்கை நுழைத்தார். டாக்டர்கள் அனுப்பும் ஈறு அளவில் வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றி, வாயின் அச்சை எடுப்பது அவர் வேலை. அந்த அச்சின்மேல் மெழுகு வைத்துப் பல் அடுக்குவது அக்காவின் வேலை. கண்ணிமை வரை மாவோடு உட்கார்ந்திருப்பார், ஆனால் போனில் வரும் தொடர்கதை ஒன்றைக்கூடத் தவறவிடமாட்டார்.

"அந்த ஆப்ல போடு. வாராவாரம் ஒரு அத்தியாயம். படிக்கிறவங்களே கதையைத் தள்ளிக்கிட்டுப் போயிடுவாங்க."

"முடிக்காம எப்படிண்ணே? பாதி வெந்ததை யாராவது பரிமாறுவாங்களா?"

"முடிச்சப்புறம் காட்டி என்ன பிரயோஜனம்? நம்ம தொழிலையே பாரு. மெழுகுல இருக்கும்போதே வாயில வச்சுப் பாக்குறோமா இல்லையா? அக்ரிலிக்ல போட்டு வேகவச்சிட்டா, அப்புறம் அந்தக் கடவுளே வந்து கேட்டாலும் ஒரு பல்லை நகத்த முடியுமா?"

அவர் சொன்னது பொய்யில்லை. மெழுகில் பல் அடுக்கி டாக்டருக்கு அனுப்புவார்கள், ட்ரையல் என்று பேர். பல் கட்டுகிறவர் வாயில் வைத்துக் கண்ணாடி பார்த்து, உதடு தூக்குகிறது, முன்பல் நீளம், சிரித்தால் மாமியார் மாதிரி இருக்கிறது என்று சொல்வார். திரும்பி வரும். மெழுகைச் சூடுகாட்டிப் பல்லை நகர்த்துவாள். எல்லாரும் சரி என்ற பிறகுதான் மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அக்ரிலிக்கை நிரப்பிக் கொதிநீரில் இறுக்குவது. அக்கா கைக்குப் பழகின நியாயம் அது ஒன்றுதான். வேறு எவராவது எழுத்தைப் பற்றி ஆயிரம் சொல்லியிருந்தால் அசைந்திருக்கமாட்டாள். பல்லைச் சொன்னார், விழுந்துவிட்டாள். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொள்ள ஆளுக்கொரு காரணம் வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் போட ஆரம்பித்தாள். உள்ளதைச் சொல்ல வேண்டும், முதல் சில மாதங்கள் அவளுக்கு நல்ல காலம். முகம் தெரியாதவர்கள் அவன் சாப்பிட்டானா, தூங்கினானா என்று கவலைப்பட்டார்கள். "மரக்கடை முதலாளி ஆள் சரியில்ல, அவனை அங்கேருந்து கிளப்புங்க அக்கா" என்று ஒருத்தி எழுதினாள். கிளப்பினாள், கிளம்பிவிட்டான். கதை காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடியது. தன் தம்பிக்காகத் தன்னைத் தவிர யாரோ இத்தனை பேர் கவலைப்படுகிறார்கள் என்பது அவளுக்குத் தாங்க முடியாத சந்தோஷமாக இருந்தது. மாவண்ணன் மார்தட்டிக்கொண்டார், மாவு பறந்தது.

ஒரு ஞாயிறு மத்தியானம் அம்மா கட்டிலில் இருந்தபடியே கேட்டாள். "தோள்பட்டை வலிக்குதுன்னு எழுதியிருந்தியே, இப்ப தேவலையாமா?"

அக்கா திரும்பிப் பார்த்தாள். "யாருக்கும்மா?"

"சும்மா நடிக்காத. கீழ்வீட்டுப் பொண்ணு எல்லாத்தையும் என் போன்ல இறக்கிக் குடுத்துடுச்சு. முதல்லேருந்து படிச்சிட்டேன்." அம்மா எழுந்து உட்கார்ந்தாள். "குளிக்கும்போது முதல்ல காதைக் கழுவறான். வெங்காயத்தைப் பொறுக்கித் தட்டு ஓரத்துல வரிசையா அடுக்கறான். என் புள்ளையைத் தவிர எவன்டி அப்படிச் செய்வான்?"

"அவனை நினைச்சுத்தாம்மா எழுதறேன். மத்ததெல்லாம் கற்பனை. அவன் எங்க இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"மரக்கடை கற்பனையா? ரம்பம் சிக்கினா ஆப்பு அடிச்சு எடுக்கணும்னு உனக்கு யார் சொன்னா? மரத்தூள் கண்ணுல விழுந்தா எப்படி எரியும்னு உனக்கு எப்படித் தெரியும்? பல்லைத் தவிர நீ என்னத்தைக் கண்ட?"

வேலைவிட்டு வரும் வழியில் ஒரு மரக்கடை வாசலில் நாள்கணக்கில் நின்று, அங்கே இருந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியது அது. அதை அப்படியே சொன்னாள். அம்மா பொக்கை வாயால் சிரித்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அம்மா சிரித்து அக்கா பார்த்தது அன்றுதான்.

"சரி சரி. அம்மாகிட்ட சொல்லாதன்னு அவன் சொல்லியிருப்பான். ரோஷக்காரன். நான் ஒண்ணும் கேக்கலை, போ."

அக்கா எவ்வளவு உயிரோடு எழுதினாளோ அவ்வளவுக்கு அம்மா நம்பினாள். கெட்டிக்காரி எழுதினது வினையாகப் போயிற்று.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை வெளியாள் பார்த்தால் நல்லது என்றுதான் சொல்வான். கஞ்சியைக்கூட வேண்டாம் என்று தள்ளிவந்த அம்மா இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கட்டிலை விட்டு எழுந்து ஜன்னல் துணிகளைத் துவைத்தாள். ஒருநாள் அக்கா வேலைக்குக் கிளம்பும்போது வழிமறித்துக்கொண்டு, "எனக்குப் பல் கட்டிக் குடு" என்றாள்.

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்று வருஷக்கணக்கில் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். யாருக்காகச் சிரிக்கணும் என்று அம்மா ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடுவாள்.

"இப்ப மட்டும் என்னம்மா?"

"அவன் வந்து நிக்கும்போது பொக்கை வாயோடவா நிக்கறது? இன்னொண்ணு. எனக்கு முன்பல் ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கும், ஞாபகமிருக்கா? அப்படியே வை. உன் பாட்டுக்கு வரிசையா வச்சுத் தொலைக்காத. அவனுக்கு அடையாளம் தெரியாமப் போயிடும்."

டாக்டர் அளவெடுத்தார், மாவண்ணன் அச்செடுத்தார், அக்கா பல் அடுக்கினாள். அம்மாவின் ஈறு அச்சு கையில் இருந்தது, எலும்பு தேய்ந்து தேய்ந்து ஒரு மெல்லிய வரப்பாக. அதன்மேல் முன்பல்லைக் கோணலாக வைக்கும்போது சூடான கத்தி விரலில் பட்டுவிட்டது. வலித்தது. அந்தச் சாக்கில் கொஞ்சம் அழுதுகொண்டாள்.

இப்போது அவனை எப்படி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது? கதை அந்த வாசல்வரை போய்விட்டது. அவனுக்கு இருமல் ஆரம்பித்திருந்தது. அடுத்த வாரம் அக்கா இருமலை நிறுத்தினாள். அதற்கடுத்த வாரம் அவனுக்கு நல்ல வேலை, வாடகை கம்மியான அறை, தாயைப் போன்ற வீட்டுக்காரம்மா. அம்மா படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள். பிறகு அக்கா அவனுக்குச் சம்பள உயர்வு கொடுத்தாள், கம்பளி வாங்கிக் கொடுத்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தால்கூடப் பரவாயில்லை, குரங்குக்காவது உயிர் உண்டு. இது வெறும் களிமண்ணாக நின்றது.

படிக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? "என்ன அக்கா, இழுக்கிறீங்க?" என்று நாசூக்காகக் கேட்டார்கள். பிறகு நாசூக்கு போயிற்று. பிறகு ஆட்களே போய்விட்டார்கள். மாவண்ணன் மட்டும் நேருக்கு நேர் சொன்னார்.

"இது உன் கை இல்லையே. யாருக்குப் பயப்படற?"

அக்கா சொன்னாள். அவர் கரைத்துக்கொண்டிருந்த மாவு கிண்ணத்திலேயே இறுகிப்போயிற்று. அப்புறம், "மெழுகுப் பல்லை வாயில வச்சுப் பாக்கத்தான் குடுப்போம், மெல்லக் குடுக்கமாட்டோமே" என்றார். "அந்தம்மா மென்னு முழுங்கிட்டாங்களே."

அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. தன்மேல் வந்தது, அம்மாமேல் வந்தது. அதைவிட மோசமானது ஒன்று இருந்தது. முன்பெல்லாம் மதியம் எழுத உட்கார்ந்தால் தம்பி வந்துவிடுவான். அவன் சட்டையின் வியர்வை, தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச ஆரம்பிக்கும் விதம், எல்லாம் மேசைக்குப் பக்கத்தில் இருக்கும். இப்போது எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் வருவதில்லை. கம்பளி போர்த்திக்கொண்டு சுகமாக இருக்கும் எவனோ ஒருவனைப் பற்றி அவள் எழுதிக்கொண்டிருந்தாள். ஒருமுறை தெருவில் தொலைத்தாள். இந்த முறை தன் கையாலேயே தொலைத்துவிட்டாள். இனி தேட இடமில்லை.

எழுதாமலே விட்டுவிடலாம் என்று ஒரு ஞாயிறு சும்மா இருந்தாள். மத்தியானத்துக்குள் அம்மா பத்துத் தடவை போனைத் தட்டிவிட்டு வந்து நின்றாள். "ஏன் வரலை? அவனுக்கு உடம்புக்கு முடியலையா? மறைக்காம சொல்லு." அன்று அம்மா சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமை அக்கா அவசர அவசரமாக ஒரு அத்தியாயம் எழுதிப் போட்டாள். வேறு எதுவும் தோன்றாமல், அவன் ஊருக்குப் போக டிக்கெட் வாங்கினான் என்று முடித்துவிட்டாள்.

அதுதான் பெரிய தப்பு. அம்மா அன்று சாயங்காலமே புதுப் பல்லை மாட்டிக்கொண்டு, தலைவாரிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள். மறுநாளும் போனாள். கதையின் கீழே, கருத்து எழுதும் இடத்தில், ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி எழுதிவைத்தாள்: "கண்ணு, நான் ரெண்டாவது கடை பக்கத்துல நிக்கறேன். கூட்டமா இருந்தா பயப்படாத." அதற்குக் கீழே எவனோ வேலையற்றவன் சிரிக்கும் பொம்மைகளைப் போட்டிருந்தான். வெள்ளிக்கிழமை மழையில் தொப்பலாக நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தவளைக் கீழ்வீட்டுப் பெண்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

"அம்மா, இங்க பாரு. அது கதை. அவன் டிக்கெட் வாங்கலை. நான்தான் வாங்கினேன், என் மனசுக்குள்ள. புரியுதா?" அக்கா அம்மாவின் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள், கெஞ்சினாள், கடைசியில் கத்தினாள்.

"புரியுது" என்றாள் அம்மா. "நாளைக்குக் குடை எடுத்துக்கிட்டுப் போறேன்."

அன்றுதான் அக்கா முடிவு செய்தாள். இப்படி நாளுக்கு நாள் சாவதைவிட ஒரேயடியாக அழட்டும். செத்தான் என்று படித்தால் உடைந்துபோவாள், உடையட்டும். அழுது முடித்தால் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் படுக்கலாம். தானும் அழலாம், அம்மாவின் மடியிலேயே அழலாம். இத்தனை வருஷமாக அந்த வீட்டில் யாரும் சேர்ந்து அழுததே இல்லை. இதை நினைக்கும்போது அவளுக்கு ஒரு ஆசையே வந்துவிட்டது, வெட்கக்கேடு.

சனிக்கிழமை மதியம் லேபில் உட்கார்ந்தாள். தம்பி வந்துவிட்டான். எங்கே போயிருந்தானோ, முதல் வரியிலேயே வந்துவிட்டான், தொண்டையைக் கனைத்துக்கொண்டு. டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வரும் வழியில் அவனுக்கு முடியாமல் போகிறது. யாரோ ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். நர்ஸ் பேரைக் கேட்கிறாள், உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் கண்ணை மூடிவிடுகிறார். நர்ஸ் அவன் சாமான்களை ஒரு பையில் போட்டு, யாராவது வந்தால் கொடுக்கலாம் என்று அலமாரியில் வைக்கிறாள். அக்கா நிறுத்தாமல் எழுதினாள். எழுதினதிலேயே அதுதான் நல்ல எழுத்து. அவளுக்கும் தெரிந்தது.

ஞாயிறு காலை போட்டுவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள். போன் துடித்துக்கொண்டே இருந்தது. போனவர்கள் எல்லாம் திரும்பி வந்திருந்தார்கள். அழுதுட்டேன் அக்கா, இதுக்குத்தான் இத்தனை நாள் காத்திருந்தோம், என்னா எழுத்து. பாழாய்ப்போன மனசு அந்த நேரத்திலும் ஒரு நிமிஷம் குளிர்ந்தது.

கூடத்திலிருந்து அழுகைச் சத்தம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. எட்டிப் பார்த்தாள். அம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், போன் மடியில் கவிழ்ந்து கிடந்தது. அக்கா கிட்டே போய்த் தரையில் உட்கார்ந்து அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்த ஊரு?" என்றாள் அம்மா.

"என்னம்மா?"

"ஆஸ்பத்திரி எந்த ஊருல? எப்ப நடந்தது? எத்தனை நாளா மனசுல வச்சுக்கிட்டு எனக்குச் சோறு போட்டுக்கிட்டிருந்த?"

"அம்மா, அய்யோ, அப்படியில்லம்மா. நான் எழுதினதும்மா இது. அவன் எங்க இருக்கான், இருக்கானா இல்லையா, சத்தியமா எனக்கு ஒண்ணுமே தெரியாது."

அம்மா அவள் கையை முழங்காலிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். அடித்துத் தள்ளவில்லை, மெதுவாகத்தான் எடுத்து வைத்தாள்.

"அவன் உசுரோட இருந்தப்பவும் நீ இதையேதான் சொன்ன."

இனி அவனைப் பிழைக்கவைத்து எழுதினாலும் அம்மா நம்பமாட்டாள், செத்ததும் கதைதான் என்றாலும் நம்பமாட்டாள். அக்காவுக்கு அழுகை வந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், தொடவில்லை. பிறகு உள்ளங்கையை விரித்து அவள் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"நீ அழுவ, உனக்கு எல்லாம் தெரியும். அந்தப் பை எங்க? அவன் சாமானை வாங்கிட்டு வந்திருப்பல்ல. அதையாவது என்கிட்ட குடு."

அக்கா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா கையை மடக்கவில்லை.